நான் வாய் திறக்காத இரண்டு நாட்கள்

வக்கீலுக்குக் கடைசியாக வலிப்பு வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. இந்த இடைவெளிக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். அடுத்தது வந்துவிட்டால் பேனா பிடிக்கிற தெம்பு எனக்கு இருக்காது. நாய் வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் செய்த முட்டாள்தனத்தை அவர்கள் செய்யாமல் இருக்கட்டும். செய்ததை மறைத்தேனே, அந்தப் பெரிய முட்டாள்தனத்தைச் சத்தியமாகச் செய்யாமல் இருக்கட்டும்.

வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டுப் போட்டவர் இல்லை. எங்கள் வீட்டு நாய். மூன்று வயது, செம்பட்டை நிறம், பாதி லாப்ரடார், மீதி எந்தத் தெரு என்று தெரியாது. குட்டியாக வந்த அன்றைக்கே பால்காரர், கேஸ் வண்டி, காற்றில் ஆடிய துணி என்று ஒன்றையும் விடாமல் எதிர்வாதம் செய்தான். "இவன் ஐகோர்ட்டு வக்கீலாத்தான் வருவான்" என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவனை அது இது என்று எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. முன்னறையில் இரண்டு கிரைண்டர், ஒரு ஃப்ரீசர். இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். வீட்டுக்காரர் செல்வம் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். எங்கள் ஊரில் அதைக் குட்டியானை என்போம். செல்லூர்த் தறிக்காரர்களுக்கு நூல் மூட்டை ஏற்றி இறக்குவதுதான் அவருக்கு முக்கால்வாசி வேலை. ஒரே மகள் சுபா, பார்மசி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். மருந்து படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தும் நான் இதைச் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வலிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் படுத்திருந்தவன் திடீரென்று கழுத்தை விறைத்தான். நாலு காலும் கட்டை மாதிரி நீண்டன. அப்புறம் படுத்தபடியே சைக்கிள் மிதிக்கிற மாதிரி உதைத்தான். பல் கடகடவென்று அடித்துக்கொண்டது, வாயில் நுரை, கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான். நான் "வக்கீலு, வக்கீலு" என்று கத்தினேனே தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். நுரையைப் பார்த்ததும் ஒரே கூச்சல். "வெறி புடிச்சிருச்சுடி ராணி! கிட்டப் போகாத! கதவச் சாத்திட்டு வெளிய வா!"

ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோதான் இருக்கும், நின்றுவிட்டது. வக்கீல் தள்ளாடி எழுந்து நேராகப் போய்ச் சுவரில் முட்டினான். என்னைப் பார்த்தான், தெரியவில்லை. தண்ணீர்ச் சட்டியை நக்கிக் காலி பண்ணினான். அதற்குள் தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். மாநகராட்சிக்குப் போன் போட்டுப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். "எவனாச்சும் போன எடுத்தீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!" என்று கத்தினேன். என் வாய் பொல்லாத வாய். அன்றைக்கு அது உதவியது. பிற்பாடு தேவைப்பட்டபோதுதான் அது ஒட்டிக்கொண்டது.

போன் போட்டதும் வீட்டுக்காரர் ஓடிவந்தார். குட்டியானையின் முன் சீட்டில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருக்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர். கூடைக்குள் ஒரு பூனை ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. கொட்டாம்பட்டியிலிருந்து ஒருவர் காலில் அடிபட்ட நாயைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். நர்ஸ் வெளியே வந்து, "வக்கீல்! வக்கீல் யாருங்க?" என்று கூப்பிட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏண்ணே, இங்கயுமா கேஸு நடக்குது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அந்த நிலைமையிலும் நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு உள்ளே போனேன்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்குமேல் இருக்காது. அவசரப்படாமல் பேசுகிறவர். ரத்தம் எடுத்தார். சர்க்கரை, கால்சியம், ஈரல், சிறுநீரகம், உண்ணியால் வருகிற காய்ச்சல் எல்லாம் பார்க்க வேண்டும் என்றார். முடிவு வர ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாளில் சர்க்கரையாக இருக்கட்டும், உண்ணியாக இருக்கட்டும், ஏதாவது பெயர் தெரிந்த வியாதியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் சுபாவும் வந்தாள்.

"வெறி இல்லம்மா, பயப்படாதீங்க. ஊசி எல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கீங்க" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. "இது வலிப்பு நோய். மூளைக்குள்ள சின்னச் சின்னதாக் கரண்ட்டு ஓடிக்கிட்டே இருக்கும். ஏதோ ஒரு நேரம் எல்லா ஒயருலயும் ஒண்ணாப் பாஞ்சிருது. அப்பத்தான் கை கால் இழுக்குது. ரத்தத்துல காரணம் ஒண்ணும் கிடைக்கல. காரணம் கிடைக்காதப்ப, இந்த வயசு நாய்க்கு இந்தப் பேரத்தான் வைப்போம்."

"காரணம் தெரியலங்கிறதுக்கு ஒரு பேரா டாக்டரம்மா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஆமாண்ணே. அப்படித்தான்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். சுபா எழுதிக்கொண்டாள். நான் தலையாட்டினேன். "மாத்திரை காலையில ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி. ஒரு வேளைகூட விடக் கூடாது. சட்டுன்னு நிறுத்துனா, நிறுத்துனதுக்காகவே வலிப்பு வரும். வலிப்பு வந்தா அமுக்கிப் பிடிக்காதீங்க. தண்ணி ஊத்தாதீங்க. வாய்க்குள்ள எதையும் வைக்காதீங்க, நாக்க முழுங்கிருவான்கிறது வெறும் பேச்சு. சுத்தி இருக்கிற சாமான நகட்டிட்டு மணிய மட்டும் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனாத் தூக்கிக்கிட்டு ஓடியாங்க."

"எம்புட்டு நாளைக்கு மாத்திரை?" என்று கேட்டேன்.

"அவன் இருக்கிற வரைக்கும்மா."

வரும் வழியிலேயே மாத்திரையை வாங்கிக்கொண்டோம்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு வீடே வேறு வீடாகிவிட்டது. காலையிலும் சாயங்காலமும் ஆறு மணிக்குச் சுபாவின் போனில் அலாரம் அடிக்கும். இட்லிக்குள் மாத்திரையைப் பொதிந்து கொடுப்பேன், ஒரே விழுங்கு. அந்த மருந்துக்குப் பசி அதிகமாகும், பின்னங்கால் தள்ளாடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொன்னதைவிட அதிகமாகவே நடந்தது. குடித்துவிட்டு வந்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். கிரைண்டரை நக்கினான், உளுந்துத் தோலைத் தின்றான், என் செருப்பைத் தின்றான். குரைப்பது மட்டும் நின்றுபோனது. பால்காரர் வந்தாலும் படுத்தபடியே ஒரு கண்ணால் பார்ப்பான். தெருவே நிம்மதியாக இருந்தது. நான்தான் அவன் ஒரு தடவை குரைத்துவிட மாட்டானா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் கிரைண்டரின் கால்களுக்கு ரெக்சினும் பஞ்சும் வைத்துச் சுற்றிக் கட்டினார், உதைத்தால் அடிபடாமல் இருக்க. செண்பகம் அக்கா கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு தூக்குவாளியில் வேகவைத்த ஈரல் கொண்டு வந்தார். "அன்னிக்கு வாய் தவறிருச்சுடி. வெறின்னுட்டேன்" என்றார். "விடுங்கக்கா, எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் தோணுச்சு" என்றேன். நான் ஒரு வேலையும் செய்ய முடியாதவளாகிப் போனேன். தட்டு விழுந்தால் ஓடுவேன். அவன் தூக்கத்தில் காலை அசைத்தால் ஓடுவேன். மாவு வாங்க வருகிறவர்களுக்குப் பாதி நேரம் மீதிச் சில்லறை கொடுக்க மறந்தேன்.

பதினைந்து நாள் ஒன்றும் இல்லை. பதினாறாம் நாள், வியாழக்கிழமை மத்தியானம், நான் மட்டும் வீட்டில் இருந்தபோது வந்தது.

இந்தத் தடவை நிற்கவே இல்லை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மணி பார்க்க வேண்டும் என்று நினைவு வந்தபோது எவ்வளவு நேரம் போயிருந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. தறிச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? வக்கீலின் நாக்கு நீலமாகிற மாதிரி இருந்தது. தரையில் தலை டொக்கு டொக்கென்று அடித்தது.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அவனுக்குக் காக்கா வலிப்பு வரும். வந்தால் யாராவது ஓடிவந்து கையில் இரும்பைத் திணிப்பார்கள். சாவி, அரிவாள்மனை, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இரும்பால்தான் நின்றது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆளுக்கு வலிப்பு வந்தால்கூட நாலு பேர் சாவியை நீட்டுகிற ஊர் இது. ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அதே நேரத்தில் தானாகவே நின்றிருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

என் இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. எடுத்து அவன் முன்னங்காலில் வைத்தேன். நாய்க்கு ஏது உள்ளங்கை? உருண்டு விழுந்தது. திரும்ப வைத்தேன், திரும்ப விழுந்தது. அப்புறம் வாயில் வைத்தேன்.

டாக்டரம்மா சொன்னது மறந்துபோய் வைத்தேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் என் கை வைத்தது.

டக்கென்று கடித்தான். பல்லும் இரும்பும் நெரிகிற சத்தம் கேட்டது. அரை நிமிஷத்தில் இழுப்பு நின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆமாம், கும்பிட்டேன். அவன் மயங்கின மாதிரி கிடந்து, பிறகு தலையைத் தூக்கி, வாயில் இருந்ததை எல்லாம் மடக்கென்று விழுங்கினான். எச்சில் என்று நினைத்தேன். கீழே விழுந்து கிடந்த கொத்தை எடுத்துத் துடைத்து மறுபடி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

சாயங்காலம் மாவு எடுக்க ஃப்ரீசரைத் திறக்கப் போனால் அந்தச் சின்னச் சாவி கொத்தில் இல்லை. வளையம் நெளிந்து வாய் பிளந்திருந்தது. தரை முழுக்கத் தேடினேன். கிரைண்டருக்கு அடியில் விளக்குமாறு விட்டுத் துழாவினேன். எங்கேயோ விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் வந்து திருப்புளியால் பூட்டை நெம்பித் திறந்தார்.

"எங்க போட்ட?"

"தெரியலங்க. எங்கயோ விழுந்திருச்சு."

வலிப்பு வந்ததைச் சொன்னேன். எத்தனை நிமிஷம் என்று சுபா கேட்டாள், மூன்று என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இரும்பைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்க்கும். படிக்காத பொம்பிளை என்கிற பார்வை. அந்த ஒரு பார்வைக்குப் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மாத்திரை வைத்த இட்லியைத் தின்று பத்து நிமிஷத்தில் வாந்தி எடுத்தான். மத்தியானம் தண்ணீர் குடித்தான், அதுவும் வெளியே வந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். புது மருந்து ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏதாச்சும் முழுங்கினானாம்மா? எலும்பு, பிளாஸ்டிக்கு, துணி, அப்படி?"

சாவி என் நாக்கு நுனியில் இருந்தது. சுபா பக்கத்தில் நின்றாள்.

"இல்லீங்க" என்றேன்.

வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். ராத்திரி கொடுத்த மாத்திரையும் வெளியே வந்தது. சனிக்கிழமை பொழுது விடிந்து மத்தியானத்துக்குள் மூன்று வலிப்பு. ஒன்று முடிந்து எழுந்து நிற்பதற்குள் அடுத்தது. திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு அடக்கி, காலில் டிரிப் ஏற்றி, உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஊசியின் வேகம் குறைந்ததும் மறுபடி இழுத்தது. வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாக வாந்தி எடுத்தான். சுபா கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வலிப்புக்கும் மணி பார்த்துச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அந்தச் சாவி கிரைண்டருக்குப் பின்னால்தான் கிடக்கிறது, வீட்டுக்குப் போனதும் கிடைத்துவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி தன்னையே இவ்வளவு ஏமாற்ற முடியுமா? முடியும். நான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மறைக்காமச் சொல்றேன். மொதல்ல நான் நெனச்ச வலிப்பு மட்டும்னா இப்படி விடாம வாந்தி வராது. மருந்தும் அடக்க மாட்டேங்குது. தலைக்குள்ள கட்டி ஏதாச்சும் இருக்குமோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. ஸ்கேனுக்கு வெளியூருக்குத்தான் கொண்டுபோகணும். இவன் இருக்கிற நெலமையில வண்டியில அம்புட்டுத் தூரம் தாங்குவானான்னு தெரியல. ரொம்பக் கஷ்டப்படுறான். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம். அடங்கலேன்னா, வலியில்லாமத் தூங்க வைக்கிறதப் பத்தி வீட்டுல பேசிக்கிடுங்க."

தூங்க வைப்பது என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. சுபா முகத்தை மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

"விட்டுருவோம் ராணி. பாவம், அவன் எம்புட்டுத்தான் தாங்குவான்? எங்க கையெழுத்துப் போடணும்னு கேளு, நான் போட்டுர்றேன்."

கட்டி இல்லை. தலையில் ஒன்றும் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவார், அவனுக்கு ஊசி ஏறும், சாவி அவனோடு போய்விடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு நொடி அதையும் நினைத்தேன். அந்த ஒரு நொடிக்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

"சாவி முழுங்கியிருக்கான்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். "ஃப்ரீசர் சாவி. வியாழக்கிழமை வலிப்பு வந்தப்ப நான்தான் இரும்புன்னு வாயில வச்சேன். அதுக்கப்புறம் சாவியக் காணோம்." சொல்லிவிட்டு மேஜையில் தலையை வைத்து ஓவென்று அழுதேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. எழுந்து கதவைத் திறந்து, "வக்கீலத் தூக்குங்க, எக்ஸ்ரே" என்று மட்டும் சொன்னார். திட்டியது சுபாதான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லம்மா! வாயில ஒண்ணும் வைக்காதன்னு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்! வச்சதுகூடப் போகுது. கேட்டாங்கள்ல? முந்தாநேத்து உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்கள்ல? இல்லன்னு சொன்னியே!"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை.

எக்ஸ்ரேயைப் பிடித்துக் காட்டினார்கள். விலா எலும்பு எல்லாம் மங்கலாகத் தெரிய, நடுவில் சாவி பளிச்சென்று வெள்ளையாகக் கிடந்தது. பல் வெட்டு, துவாரம், எல்லாம் தெரிந்தது. இரைப்பையிலிருந்து குடலுக்குள் போகிற வாசலில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார் டாக்டரம்மா. அதனால்தான் எதுவும் உள்ளே தங்கவில்லை. மாத்திரை ரத்தத்தில் சேரவே இல்லை. வெள்ளியிலிருந்து அவன் மருந்தே சாப்பிடாத நாய். சட்டென்று நிறுத்தினால் வரும் என்று சொன்னாரே, அதுதான் வந்தது. வாந்தியால் உடம்பில் இருந்த சத்தும் உப்பும் போய் அதை இன்னும் கூட்டிவிட்டது.

"அப்ப கட்டி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இருக்கும்னு இப்ப எனக்குத் தோணல. ஆனா வயித்தத் திறந்துதான் எடுக்கணும். துவண்டு கெடக்குறான், இப்படி வலிப்பு வேற வருது. மயக்க மருந்து தாங்குவானான்னு உறுதி சொல்ல முடியாது. எடுக்காம விட்டாலும் தாங்க மாட்டான்."

அவர் கையெழுத்துப் போட்டார். வேறு காகிதத்தில்.

உள்ளே கொண்டுபோகும்போது நான் பக்கத்தில் போகவில்லை. போக எனக்கு முகம் இல்லை. வெளிப்படியில் போய் உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. சுபா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடியில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவர் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை என் கையில் கொடுத்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். டீயை ஆற்றிக் குடித்துவிட்டுத் தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"மொத நாளு நீ போன்ல சொன்னப்பயே எனக்கும் அதான் தோணுச்சு. இரும்பக் குடுக்கச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அன்னைக்கு வீட்டுல இருந்திருந்தா நானும் அதத்தான் பண்ணியிருப்பேன் ராணி. சாவி உன் இடுப்புல இருந்துச்சு, அம்புட்டுத்தான்."

"ஆனா நீங்க மறைச்சிருக்க மாட்டீங்க."

"அது தெரியாது" என்றார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. வலிப்பு மருந்தும் மயக்க மருந்தும் சேர்ந்து ஒரு தடவை மூச்சு நின்றுபோய், குழாய் வழியாகக் காற்றை அழுத்தித் திரும்பக் கொண்டுவந்தார்களாம். அதை மறுநாள்தான் சொன்னார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, "எடுத்தாச்சு. இருக்கான்" என்றார். சாவியைக் கழுவி ஒரு கவரில் போட்டு நீட்டினார். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகும் அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். முதல் இரண்டு நாள் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றார்கள். தையல் சீழ் பிடிக்கலாம், ஈரல் தாங்காமல் போகலாம். மருந்தை ரத்தத்தில் ஏற்றி, ரத்தம் எடுத்து, போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். நான் காலையில் மாவை ஆட்டிவிட்டு ஓடிவந்து பெஞ்சில் உட்காருவேன். செண்பகம் அக்காதான் என் இடத்தில் நின்று மாவு விற்றார். ஆபரேஷன் பில்லை வீட்டுக்காரர் என் கண்ணில் காட்டவே இல்லை. கேட்டால், "அத நான் பாத்துக்கிடுறேன், நீ நாயப் பாரு" என்பார். மூன்றாம் நாள் வக்கீல் ஒரு மூடி தண்ணீர் குடித்து, அது உள்ளேயே தங்கியது. பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் கை தட்டினார்.

வீட்டுக்கு வந்தோம். சுபா மட்டும் என்னோடு பேசவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே, "அப்பா, மாத்திரை குடுத்தாச்சான்னு அவங்ககிட்டக் கேளுங்க" என்பாள். நானும் "குடுத்தாச்சுன்னு சொல்லுங்க" என்பேன். அவர் நடுவில் நின்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. என் வயிற்றில் பிறந்த பிள்ளை, இனி நான் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாளே என்று நினைப்பேன்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், காலை எட்டரை மணி. மூன்று பேரும் முன்னறையில் இருந்தோம். வக்கீலின் கழுத்து விறைத்தது. எனக்கு முன்னால் சுபா பார்த்துவிட்டாள். போனை எடுத்து நேரத்தைத் தட்டினாள். அவர் மாவு வாளிகளை இழுத்து நகட்டினார். அவன் விழுந்து உதைக்க ஆரம்பித்தான்.

இவ்வளவு நடந்த பிறகும் என் கை இடுப்புக்குப் போனது. அங்கே சாவி இல்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஆணியில் மாட்டி வைக்கிறேன். ஆனால் கை போனது. சுபா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். நுரை தள்ளுகிறது, தலை அடிக்கிறது, நான் ஒன்றும் செய்யவில்லை. "இங்கதான்டா இருக்கேன் வக்கீலு, இங்கதான் இருக்கேன்" என்று சொன்னதைத் தவிர. பெற்ற பிள்ளை துடிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது எப்படி என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன், அதைவிடப் பிரசவ வலி தேவலை.

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு" என்றாள் சுபா, யாரிடம் என்றில்லாமல். எனக்கு அரை மணி நேரம் போலிருந்தது.

வக்கீல் தலையைத் தூக்கினான். முட்டி மோதி எழுந்து நின்றான். நேராக என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமினான். மூன்று வருஷத்தில் அவன் என்னைப் பார்த்து உறுமியதில்லை. சரிதான், என்னைப் பார்த்து உறுமாமல் யாரைப் பார்த்து உறுமுவான் என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"உன்னையில்லம்மா" என்றாள் சுபா. அந்த ஆஸ்பத்திரி அறைக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. "இப்ப அவனுக்கு யாரையும் தெரியாது. கொஞ்ச நேரம் ஆகும்."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் தொடைக்கு அடியிலிருந்து கையை இழுத்தாள். இரண்டும் மரத்துப் போய் வெளுத்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தேய்த்துவிட்டாள்.